மனிதன் நிற்கும் உயரத்திலிருந்து: 2014ஆம் ஆண்டின் காட்ஸில்லா

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அண்மைய காட்ஸில்லா, காங் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்து ரசித்த தம் மகன், பள்ளி விடுமுறையில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த, அந்த வரிசையின் முதல் படத்தைப் போட்டதாகவும், ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு காட்ஸில்லா முழு உருவத்தோடு வந்து நின்று கர்ஜித்த மறு நொடியே காட்சி வேறெங்கோ தாவிவிட்டதால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதாகவும் ஈசூனில் வசிக்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். படத்தின் பெயரே காட்ஸில்லா, ஆனால் அந்த மிருகம் திரையில் இருப்பது சுமார் பத்து நிமிடம்தான், இதை எப்படி நல்ல படம் என்று சொல்கிறீர்கள் என்பது அவருடைய கேள்வி.

நல்ல படம் என்றே சொல்கிறேன். ஹாலிவுட் பெரும் பணம் போட்டு எடுத்த மிருகப் படங்களுள் இவ்வளவு கவனத்தோடு இயக்கப்பட்டவை மிகக் குறைவு என்பதும், பலர் இதன் குறையாகச் சொல்லும் அந்தத் தாவல்தான் இதன் உயிர் என்பதும் என் கருத்து. படத்தில் உண்மையான குறைகளும் உண்டு. அவை வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில், இது தோற்றுப்போன படம் அல்ல. சுமார் 16 கோடி அமெரிக்க டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஏறக்குறைய 53 கோடி டாலர் வசூலித்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆனால் அடுத்த வார இறுதியில் அந்தத் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. பார்த்தவர்கள் வெளியே வந்து "ஒன்றுமே காட்டவில்லை" என்று சொன்ன சொல் அதற்குள் பரவிவிட்டது. பணம் சம்பாதித்தும் பாசம் சம்பாதிக்காத படம் என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான், இன்றும் போகவில்லை.

இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் அதற்கு முன் முழுநீளத் திரைப்படமாகத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். 2010ஆம் ஆண்டு வந்த அந்த "மான்ஸ்டர்ஸ்" ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், மிகச் சிறிய குழுவோடு எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவும் கணினி வரைகலையும் அவர் கையாலேயே நடந்தன. விலங்குகளை அடிக்கடி காட்டுவதற்குப் பணமில்லாத நிலையில், அவை வந்து போன தடயங்களைக் காட்டி அச்சத்தை உண்டாக்கும் வித்தையை அவர் அங்கே கற்றார். கவிழ்ந்து கிடக்கும் கப்பல், உடைந்த சுவர், எச்சரிக்கைப் பலகை, பழகிப்போன முகத்தோடு அவற்றைக் கடந்து செல்லும் மனிதர்கள் ஆகியவைதான் அந்தப் படத்தின் மூலதனம். பிறகு கோடிக்கணக்கில் பணம் கைக்கு வந்தபோதும் அவர் அந்த வித்தையைக் கைவிடவில்லை. 2014 காட்ஸில்லாவைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

அந்த வித்தையை ஒரு விதியாகவே சொல்லலாம். படத்தின் பெரும்பகுதியில் கேமரா ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடத்தில்தான் நிற்கிறது. சன்னலுக்குப் பின்னால், பேருந்துக்குள், விமான நிலையக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், பாராசூட் வீரனின் மூக்குக்கண்ணாடிக்கு உள்ளே, வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் என்று எங்கே போனாலும், அங்கே ஒருவர் நின்றிருந்தால் எதைப் பார்த்திருப்பாரோ அதுவே நமக்கும் கிடைக்கிறது. 108 மீட்டர் உயரமுள்ள ஓர் உயிரை மனிதன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியாது. ஒரு கால் தெரியும், முதுகு முட்களின் வரிசை தெரியும், புகைக்கு நடுவே ஒரு கண் தெரியும். மற்றதை மனம் கட்டிக்கொள்ள வேண்டும். பறவைப் பார்வையில் இரண்டு பொம்மைகள் மோதுவதுபோல் காட்டும் படங்களில் உருவம் முழுதாகக் கிடைக்கிறது, பிரம்மாண்டம் தொலைந்துபோகிறது. எட்வர்ட்ஸ் உருவத்தை விட்டுக்கொடுத்துப் பிரம்மாண்டத்தைக் காப்பாற்றினார்.

உங்கள் மகன் எழுந்துபோன அந்த ஹொனலூலு காட்சியையே எடுத்துக்கொள்வோம். முதலில் கடல் கரையைவிட்டு உள்வாங்குகிறது. பின்பு ஆழிப்பேரலை தெருவுக்குள் பாய்கிறது. மின்சாரம் போய் நகரம் இருண்டு கிடக்கும்போது, படைவீரர்கள் வானத்தை நோக்கி ஒளிக்குண்டுகளைச் சுடுகிறார்கள். சிவந்த ஒளிப்பொட்டுகள் மேலே ஏற ஏற, இருட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது இருட்டு அல்ல, ஓர் உடம்பு என்று தெரிகிறது. ஒளி ஏறுகிறது, உடம்பு முடியவில்லை. இன்னும் ஏறுகிறது, இன்னும் முடியவில்லை. அடுத்து விமான நிலையம். நம் சாங்கியின் ஸ்கைடிரெயினைப் போல முனையங்களுக்கிடையே ஓடும் சிறு ரயிலில் கதாநாயகன் ஃபோர்ட், பெற்றோரைப் பிரிந்துவிட்ட ஒரு சிறுவனைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். விளக்குகள் அணைந்து ரயில் நடுவழியில் நின்றுவிடுகிறது. விளக்கு மறுபடி எரியும்போது தண்டவாளத்துக்கு மேலே காட்ஸில்லாவின் எதிரியான இன்னொரு விலங்கு நிற்கிறது. முனையத்துக்குள் இருப்பவர்கள் கண்ணாடி வழியே பார்க்க, வெளியே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன. அந்த வெடிப்பின் வெளிச்சத்தில் ஒரு பிரம்மாண்டப் பாதம் மேலிருந்து இறங்கித் தரையில் பதிகிறது. முனையம் முழுவதும் அப்படியே உறைந்து நிற்கிறது. அதன்பிறகுதான் கேமரா அந்தப் பாதத்திலிருந்து மெல்ல மேலேறிக் கழுத்தையும் தலையையும் அடைகிறது. கர்ஜனை எழுகிறது.

உடனே காட்சி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டுக்கு மாறுகிறது. ஃபோர்டின் சின்னஞ்சிறு மகன் தொலைக்காட்சியில் அந்தச் சண்டையின் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தாய் தொலைபேசியும் கையுமாக இருப்பதால் அதைக் கவனிக்கவில்லை. 2014 மே மாதம் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு நிறைந்த அரங்கில் இதைப் பார்த்தபோது, இந்த இடத்தில் அரங்கு முழுவதும் ஏமாற்றக் குரல் எழுந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்தத் தாவல் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். ஓர் ஊரே அழிந்துகொண்டிருக்கும் செய்தி, அந்த ஊரில் இல்லாத கோடிக்கணக்கான மக்களுக்கு எப்படி வந்து சேருகிறது? வீட்டுத் திரையின் ஒரு மூலையில், ஒலி குறைக்கப்பட்டு, அன்றாட வேலைகளுக்கு நடுவே வருகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலைச் செய்தியும், 2011 மார்ச்சில் ஜப்பானின் நிலநடுக்கமும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் சிங்கப்பூரில் இருந்த நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. ஃபுகுஷிமா நடந்து மூன்றே ஆண்டுகளில் வந்த இந்தப் படம், ஜப்பானிய அணு உலை ஒன்று நிலைகுலைந்து விழுவதைக் காட்டித் தொடங்குவது தற்செயலாக இருக்க முடியாது.

காத்திருக்க வைப்பது தமிழ் ரசிகர்களுக்குப் புதிதும் அல்ல. "பாட்ஷா" படத்தில் தம்பி தங்கைகளுக்காக அடியை வாங்கிக்கொண்டு கைகட்டி நிற்கும் மாணிக்கத்தை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டோம்! அவன் முதல் முறை திருப்பி அடிக்கும்போது அரங்கு அதிர்ந்ததற்குக் காரணம் அந்த அடி அல்ல, அதற்கு முன்னால் அடக்கி வைக்கப்பட்ட அத்தனை அடிகள். எட்வர்ட்ஸ் செய்வதும் அதே கணக்குத்தான். ஹொனலூலுவில் ஒரு முறை காட்டி மறைக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு மிருகங்களும் நேருக்கு நேர் பாயும் வேளையில் நிலத்தடிப் புகலிடத்தின் கதவு மூடப்படுவதால் மறுபடியும் மறைக்கிறார். கடைசியில் தூசு மண்டிய இருட்டில் வாலின் நுனியிலிருந்து முதுகு வரை நீல ஒளி முள் முள்ளாகப் பற்றிக்கொண்டு ஏறி, வாயிலிருந்து தீப்பிழம்பாகப் புறப்படும்போதுதான், அதுவரை சேர்த்து வைத்த கடனை வட்டியோடு தீர்க்கிறார். முதல் காட்சியிலேயே அந்த ஒளியைக் காட்டியிருந்தால் அது வெறும் வாணவேடிக்கையாகப் போயிருக்கும்.

அந்தக் கதவு மூடும் காட்சி சிங்கப்பூரில் வாழும் ஒருவரை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தொடும் என்று நினைக்கிறேன். ஃபேரர் பார்க் போன்ற எம்ஆர்டி ரயில் நிலையங்கள் போர்க்காலப் புகலிடங்களாகவும் வடிவமைக்கப்பட்டவை. நிலைய வாயிலில் சுவரோடு சுவராக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் கனத்த எஃகுக் கதவுகளைக் கவனிக்காமலேயே நாம் தினமும் கடந்து போகிறோம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், நாம் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அடுக்கி வைத்திருக்கும் அந்தச் சிறு அறையும் குண்டுத்தாக்குதலுக்கான புகலறைதான். ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20 மணிக்கு, 1942இல் பிரிட்டிஷ் படை சரணடைந்த நேரத்தை நினைவூட்டி அபாயச் சங்கு ஒலிக்கிறது. படத்தில் எஃகுக் கதவு இறங்கும்போது உள்ளே நிற்கும், ஃபோர்டின் மனைவியாக நடித்த எலிசபெத் ஓல்சனின் முகத்தில் கேமரா தங்குகிறது. வெளியே நடப்பது இனி அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. புகலிடத்துக்குள் போகிறவனுக்குச் சண்டையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. அதிர்வை மட்டும் உடம்பில் உணரலாம். இயக்குநர் நம்மை அந்த மனிதர்களோடு உள்ளே நிறுத்தினாரே தவிர, அவர்களைக் கைவிட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வெளியே அழைத்துப் போகவில்லை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் அது இல்லாமல் கென் வாட்டனாபே ஏற்ற பாத்திரம் விளங்காது. 1954 மார்ச் 1ஆம் தேதி பசிபிக் பெருங்கடலில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்த அந்தக் குண்டின் கதிர்வீச்சுச் சாம்பல், மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் பொழிந்தது. படகில் 23 பேர் இருந்தார்கள். வானொலித் தொடர்பாளர் அய்க்கிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் காட்ஸில்லா வெளிவந்தது. அது கடலில் ஒரு கப்பல் கண்கூசும் ஒளியில் அழிவதோடு தொடங்குகிறது. அன்றைய ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்த ஒளி எதைக் குறிக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகரம் எரிந்த மறுநாள் மருத்துவமனையில் காயம்பட்டவர்கள் தரையில் வரிசையாகக் கிடக்கும் காட்சியை, போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்த மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

2014 படத்தில் வரும் அறிவியலாளரின் பெயர் இஷிரோ செரிசாவா. பழைய படத்தின் இயக்குநர் பெயரையும், அந்தப் படத்தில் தன் கண்டுபிடிப்பு ஆயுதமாகிவிடக் கூடாது என்று உயிரையே கொடுக்கும் அறிவியலாளரின் குடும்பப் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. விலங்குகளை அணுகுண்டு வைத்துக் கொல்லும் திட்டத்தைக் கடற்படைத் தளபதி சொல்லும்போது, செரிசாவா பதிலுக்கு வாதாடுவதில்லை. ஒரு பழைய கைக்கடிகாரத்தை எடுத்து நீட்டுகிறார். அது 8.15இல் நின்றுபோயிருக்கிறது. ஹிரோஷிமா என்று தளபதியே சொல்கிறார். தம் தந்தையுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு செரிசாவா நகர்ந்துவிடுகிறார். பெரும் பணத்தில் எடுத்த ஓர் அமெரிக்கப் படம், வெடிச் சத்தத்துக்கு நடுவே, இத்தனை அமைதியான ஒரு காட்சிக்கு இடம் கொடுத்தது சாதாரணம் அல்ல.

நம் ஊரில் இந்தக் காட்சியைப் பார்ப்பது எளிதும் அல்ல. மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆட்சியில் இத்தீவு பட்ட பாட்டையும், மலாயாவிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1945 ஆகஸ்டில் குண்டுகள் விழுந்தன, செப்டம்பர் 12ஆம் தேதி இங்கே நகர மன்றக் கட்டடத்தில் ஜப்பானியப் படை முறைப்படி சரணடைந்தது என்ற வரிசையில்தான் அந்தக் கதை நமக்குச் சொல்லப்பட்டது. ஆகவே நின்றுபோன அந்தக் கடிகாரம் நமக்குள் ஒரே ஓர் உணர்ச்சியை எழுப்புவதில்லை. குண்டு போட்ட நாட்டின் படத்தில், குண்டு விழுந்த நாட்டின் நடிகர் அதை நீட்டுகிறார். அந்த இரண்டு நாடுகளின் போருக்கு நடுவே நசுங்கிய ஓர் ஊரில் உட்கார்ந்து நாம் பார்க்கிறோம். குழந்தைகளோடு இந்தப் படத்தைப் பார்க்கும் பெற்றோர் இந்த இடத்தில் நிறுத்திவைத்துப் பேசலாம். பேசத்தான் வேண்டும் என்பேன்.

இங்கேயே ஒரு கண்டனத்தையும் பதிவு செய்கிறேன். ஹோண்டாவின் படத்தில் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைதான் மிருகத்தைக் கிளப்பிவிடுகிறது, குற்றம் மனிதனுடையது. 2014 படத்தின் தொடக்கத்தில் வரும் பழைய படச்சுருள் போன்ற காட்சிகளோ, பசிபிக்கில் 1950களில் நடந்தவை சோதனைகளே அல்ல, காட்ஸில்லாவைக் கொல்வதற்கான முயற்சிகள் என்று கதையை மாற்றுகின்றன. உருவாக்கிய விதம் அருமை. பெயர்கள் தோன்றும்போதே இரகசியக் கோப்பின் வரிகள்போல அடிக்கப்பட்டு மறைகின்றன. ஆனால் பொருளைப் பார்த்தால், மார்ஷல் தீவு மக்களும் அந்தப் படகிலிருந்த மீனவர்களும் அனுபவித்த கொடுமைக்கு ஒரு நல்ல காரணம் கற்பித்துக் கொடுத்ததாகிறது. மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு நுட்பமாக இருந்த படம் இதில் தடுக்கி விழுந்தது எனக்கு வருத்தமே. பிற்பாதியில், விலங்குகளை இழுத்துக் கொல்லக் கொண்டுபோன அணுகுண்டையே அவை பறித்துத் தம் கூட்டுக்கு இரையாக வைத்துக்கொள்வது, மனித ஆணவத்தைப் பற்றிப் பழைய படம் சொன்னதை ஓரளவு திரும்பச் சொல்கிறது. ஆயினும் தொடக்கத்தில் செய்த பிழை நீங்கவில்லை.

படத்தின் சிகரம் என்று நான் கருதுவது பாராசூட் காட்சி. எரியும் நகரத்துக்குள் வேறு வழியில்லாமல் படைவீரர்கள் மிக உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். கால்களில் கட்டிய சிவப்புப் புகைக்குழல்கள் சாம்பல் வானத்தில் நீண்ட கோடுகளைக் கிழிக்கின்றன. பின்னணியில் ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜி லிகெட்டியின் இறந்தோர் வழிபாட்டு இசையிலிருந்து குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. 1968இல் வந்த "2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி" படத்தில் கருங்கல் பலகையின் முன் மனிதக் குரங்குகள் நிற்கும்போது ஒலித்ததும் இதே இசைதான். பின்பு கேமரா ஃபோர்டின் முகமூடிக்குள் நுழைகிறது. இசை பின்வாங்கி, மூச்சு வாங்கும் ஒலி முன்னால் வருகிறது. மேகம் விலகுகிறது, கட்டடங்களுக்கு இடையே காட்ஸில்லாவின் முதுகு முட்கள் சன்னலைக் கடக்கும் மலைத்தொடர்போல நம் பக்கத்திலேயே கடந்து மேலே போகின்றன. ஒளிப்பதிவாளர் ஷேமஸ் மெக்கார்வியும் எட்வர்ட்ஸும் இந்தச் சில நிமிடங்களில் செய்ததற்கு இணையாக, இதற்குப் பின் வந்த பெரும் செலவுப் படங்களில் நான் அதிகம் பார்க்கவில்லை. ஒரு குத்தும் இல்லை, ஒரு வசனமும் இல்லை. மனிதர்கள் தூசுபோல உதிர்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1954இல் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கான்ட்ராபாஸ் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் தளர்த்திய நரம்பின் மேல், பிசின் தடவிய தோல் கையுறையை இழுத்து அந்தப் புகழ்பெற்ற கர்ஜனைக்கு வழி கண்டார். 2014இல் எரிக் ஆடாலும் ஈதன் வான் டெர் ரினும் அதைப் புதிதாக அமைத்தபோது, இசைக்கச்சேரிக்குப் பயன்படும் ராட்சத ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் வைத்து அலறவிட்டு, அந்த ஒலி கட்டடங்களில் மோதித் திரும்புவதைப் பதிவு செய்தார்கள். தெருவில் நிற்கிறவன் காதில் அது எப்படி விழும் என்பதே அவர்கள் தேடியது. கேமராவுக்கு இருந்த விதிதான் ஒலிக்கும் இருந்தது.

பலரும் பேசாத ஒன்று, மூட்டோ என்னும் அந்த இரண்டு எதிரி விலங்குகள். ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஒன்று ஜப்பானிலிருந்தும் மற்றது நெவாடா பாலைவனத்திலிருந்தும் ஒன்றையொன்று கூவி அழைத்தபடி பாதி உலகத்தைக் கடந்து வருகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் சந்திக்கும்போது, ஆண் தான் பறித்து வந்த அணுகுண்டை வாயில் கவ்வி வந்து பெண்ணிடம் கொடுக்கிறது. இரண்டும் முகத்தோடு முகம் உரசிக்கொள்கின்றன. பிறகு ஃபோர்ட் அவற்றின் கூட்டைக் கொளுத்தியதும், காட்ஸில்லாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண் விலங்கு சண்டையை விட்டுவிட்டு ஓடி வருகிறது. எரிந்துபோன முட்டைகளின் மேல் குனிந்து அது எழுப்பும் ஒலி வேறு விதமானது. அவை கெட்ட விலங்குகள் அல்ல, பசித்த விலங்குகள், குட்டிகளுக்கு இடம் தேடும் விலங்குகள். காட்ஸில்லாவும் நம்மைக் காப்பாற்ற வந்த தெய்வம் அல்ல. வேட்டையாட வந்தது, முடித்ததும் கடலுக்குத் திரும்புகிறது. படத்தின் முடிவில் தொலைக்காட்சி அதை நகரத்தின் இரட்சகனோ என்று கேள்விக்குறியோடு போடுகிறது. அந்தக் கேள்விக்குறியை இயக்குநர் மனமறிந்தே போட்டிருக்கிறார். அதற்குப் பின் வந்த படங்கள் அதை எடுத்துவிட்டன.

இனி குறைகள். ஆரன் டெய்லர் ஜான்சன் ஏற்ற ஃபோர்ட் பாத்திரம் எழுத்திலேயே வறண்டுபோனது. வெடிகுண்டை அகற்றும் கடற்படை அதிகாரி, நல்ல கணவன், நல்ல தகப்பன் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவனைவிட நூறு மடங்கு உயிருள்ள பாத்திரம் அவன் தந்தை ஜோ. தொடக்கத்தில் அணு உலையின் சுரங்கப்பாதையில் மனைவி சிக்கியிருக்க, கதிர்வீச்சு ஊருக்குள் பரவாமல் தடுக்க ஜோ தன் கையாலேயே கதவை மூட வேண்டிவருகிறது. கண்ணாடித் துண்டின் இரு பக்கமும் பிரையன் கிரான்ஸ்டனும் ஜூலியட் பினோஷும் நின்று நடித்த அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு, படத்தில் எந்த மனித உணர்ச்சியும் அந்த உயரத்தைத் தொடவில்லை. அப்படிப்பட்ட ஜோவை முன்பாதியிலேயே சாகடித்துவிட்டு, கதையை அந்த இளைஞன் தலையில் சுமத்தியது பெரிய தவறு. சாலி ஹாக்கின்ஸைப் போன்ற ஒரு நடிகையை விளக்கம் சொல்லும் வேலைக்கு மட்டும் பயன்படுத்தியது இன்னொன்று. போகும் இடமெல்லாம் ஃபோர்டுக்கு முன்னால் மிருகம் வந்து நிற்பதும் நம்பும்படியாக இல்லை.

ஆனாலும் ஃபோர்டைப் பற்றி ஒன்று சொல்லலாம். குண்டை அகற்றுவதே தொழிலான அவனால் கடைசியில் குண்டைச் செயலிழக்கச் செய்ய முடிவதில்லை. படகில் ஏற்றிக் கடலுக்குள் தள்ளிவிட முடிகிறது, அவ்வளவுதான். படம் முழுவதும் மனிதர்களால் முடிவதெல்லாம் இந்த அளவுதான். ஒரு சிறுவனைப் பெற்றோரிடம் சேர்ப்பது, பள்ளிப் பேருந்தைப் பாலம் தாண்டி ஓட்டிப் போவது, மருத்துவமனையில் இரவு வேலையை விடாமல் பார்ப்பது. கட்டாயப் படைப்பணியான தேசிய சேவை செய்தவர்களுக்கு இது புரியும் என்று நம்புகிறேன். பெரிய ஆபத்தில் உங்களுக்குக் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

ரசிகர்கள் கேட்டதைப் பின்னால் வந்த படங்கள் கொடுத்தன. 2019ஆம் ஆண்டுப் படத்தில் மிருகங்கள் நிறைய, மோதல்கள் நிறைய. ஆனால் உலக வசூல் ஏறக்குறைய 39 கோடி டாலர், அதாவது "ஒன்றும் காட்டாத" படத்தைவிட மிகக் குறைவு. 2021, 2024 படங்கள் காங்கோடு சேர்ந்து கலகலப்பான பாதையில் போயின. அவற்றை உங்கள் மகன் ரசிப்பதில் தவறே இல்லை, அவற்றின் நோக்கம் வேறு. 2014 படத்தின் உண்மையான உறவினர்கள் ஜப்பானிலேயே கிடைக்கிறார்கள். அரசாங்க அறைகளுக்குள்ளேயே பேரிடரைக் காட்டிய 2016இன் "ஷின் காட்ஸில்லா"வும், போரில் உயிர் தப்பியவனின் குற்றவுணர்வைச் சொல்லி, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது வென்ற 2023இன் "காட்ஸில்லா மைனஸ் ஒன்"னும் மனிதர்களை முன்னால் நிறுத்தியவைதாம். கடைசிப் படத்தில் மனிதர்கள் நன்றாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அங்கே அது எட்வர்ட்ஸை மிஞ்சிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி பார்ப்பதானால் பகலில் பார்க்க வேண்டாம். இந்தப் படத்தின் பாதி இருட்டில் நடக்கிறது. கூடத்தில் குழல்விளக்கு எரிய, சன்னல் வழியே வெயில் திரையில் விழ, கைபேசியிலோ சாதாரணத் தொலைக்காட்சியிலோ பார்த்தால் ஹொனலூலுவில் ஒளிக்குண்டு ஏறும் காட்சியில் கருப்புச் செவ்வகத்தைத்தான் பார்ப்பீர்கள். இரவில் விளக்கணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சியில் படத்தைத் தானாகப் பளபளப்பாக்கும் அமைப்புகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் காதில் மாட்டும் நல்ல ஒலிக்கருவி போட்டுக்கொண்டால் கர்ஜனையின் கீழ்ச்சுருதியும் கிடைக்கும். மகனோடு உட்காரும்போது, எந்த இடத்தில் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று ஒவ்வொரு காட்சியிலும் அவனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் பிடித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவனுக்குப் பொறுமை கூடிவிட்டால், அடுத்த விடுமுறையில் 1954ஆம் ஆண்டின் கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. 1956இல் அமெரிக்க நடிகர் ஒருவரின் காட்சிகளைச் சேர்த்து வெட்டி ஒட்டிய பதிப்பும் அதே கதையோடு கிடைக்கிறது. அதை எடுத்துவிடாமல், ஹோண்டாவின் ஜப்பானிய மூலத்தைத் தேடி எடுங்கள்.